நின்றுபோன இரைப்பையைப் பார்த்தவர்

சரீரத்தில் தோன்றும் வியாதிகளில் பெரும்பாலானவை தாம் பற்றிய உறுப்பில் ஏதேனும் ஓர் அடையாளத்தை விட்டுவைக்கின்றன. புண்ணாகவோ, கட்டியாகவோ, வீக்கமாகவோ, கல்லாகவோ இருந்து வைத்தியரின் கண்ணுக்கோ கத்திக்கோ என்றேனும் ஒரு நாள் அகப்பட்டுவிடுகின்றன. ஜீரண உறுப்புகளின் அசைவில் மட்டும் நேரும் கோளாறுகள் அவ்வாறு எளிதில் அகப்படுவதில்லை. விழுங்கிய கவளம் மார்புக்கு நடுவே நின்றுவிட, தண்ணீரைக் குடித்துக் குடித்து அதைக் கீழே இறக்கப் பார்க்கிறவர். நாலு வாய் உண்பதற்குள் வயிறு நிரம்பிக் குமட்டலெடுத்து, நேற்று உண்டதை இன்று வாந்தியெடுக்கிறவர். வயிறு உப்பி வலிக்க, குடல் அடைபட்டதோ என்று அஞ்சி அறுத்துப் பார்க்கும்போது எங்குமே அடைப்பில்லை என்று அறிவிக்கப்படுகிறவர் — இத்தகையோரின் இரைப்பையும் குடலும் வடிவத்தில் குறைவின்றி, நிறத்தில் மாறுதலின்றி, ரத்த ஓட்டம் செம்மையாக அமைந்து, தம் தொழிலை மட்டும் செய்யாமல் இருக்கக்கூடும். அந்தத் தொழில் அசைவு. அசைவோ உயிருள்ள, கலைக்கப்படாத உடலில் மட்டுமே உள்ளது. பிரேதத்தை அறுத்தால் அது இல்லை. உயிருள்ள பிராணியின் வயிற்றைத் திறந்தாலும், காற்றுப் பட்டு, கைபட்டு, அந்த அதிர்ச்சியில் அது நின்றுவிடுகிறது. பார்ப்பதற்காகச் செய்யும் காரியமே பார்க்கவேண்டிய பொருளை அழித்துவிடும் இந்தச் சங்கடத்தில் சரீர சாஸ்திரம் நெடுங்காலம் சிக்கியிருந்தது.

அதிலிருந்து அதை விடுவித்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். வால்ட்டர் பிராட்ஃபோர்ட் கானன் என்னும் அவருடைய பெயரை இன்று நினைவுகூர்வோர், ஆபத்து வரும்போது உடல் போரிடவோ ஓடவோ ஆயத்தமாகிறது என்ற சித்தாந்தத்துக்காகவும், உடலின் உள்நிலை தன்னைத் தானே சமன்செய்துகொள்ளும் தன்மையை விளக்கியதற்காகவுமே நினைவுகூர்கின்றனர். அவ்விரண்டும் பெரிய காரியங்களே. ஆயினும் அவை இரண்டும் ஒரு பூனையின் இரைப்பை ஏன் அசையாமல் நின்றது என்ற கேள்வியிலிருந்து கிளைத்தவை என்பதும், தம் ஆராய்ச்சி வாழ்க்கையின் முதல் பதினைந்து ஆண்டுகளை அவர் முழுக்க முழுக்க உணவுக்குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் அசைவுக்கே அர்ப்பணித்தார் என்பதும் போதிய அளவு சொல்லப்படுவதில்லை. ஜீரண அசைவுக் கோளாறுகளால் வருந்துகிறவர்களுக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளே மிக முக்கியமானவை என்பது என் துணிபு.

கானன் 1871ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி, விஸ்கான்சின் மாநிலத்தில் மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள ப்ரேரி டு ஷீன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஜீரண சாஸ்திரத்தில் அவ்வூருக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. 1822இல் மாக்கினா தீவில் துப்பாக்கி வெடித்து விலாப்பக்கம் பிளந்துபோன அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கூலியாளை வில்லியம் பியூமாண்ட் என்ற ராணுவ வைத்தியர் பிழைக்க வைத்தார். ஆனால் புண் ஆறியும் இரைப்பைக்கு வெளியிலிருந்து ஒரு துவாரம் மூடாமல் தங்கிவிட்டது. அத்துவாரத்தின் வழியே உணவை நூலில் கட்டி இறக்கியும், ஜீரண நீரை எடுத்தும் பியூமாண்ட் பல ஆண்டுகள் பரிசோதித்தார். அப்பரிசோதனைகளில் ஒரு பகுதி நடந்த இடம் ப்ரேரி டு ஷீனிலிருந்த ராணுவக் கோட்டை. கோபம் கொண்டபோது அந்த மனிதனின் இரைப்பை தன் இயல்பு மாறிக் காணப்பட்டதைப் பியூமாண்ட் கண்டு, 1833இல் வெளியிட்ட தம் நூலில் குறித்தும் வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரில் பிறந்த குழந்தை அக்குறிப்பின் காரணத்தைக் கண்டுபிடிக்கப் போகிறது என்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

தந்தை ரயில்வே ஊழியர். மகன் படிப்பில் போதிய கவனம் செலுத்தவில்லை என்று கருதி, பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு நிறுத்தி ரயில்வே அலுவலகத்தில் வேலைக்கு அமர்த்திவிட்டார். இரண்டு ஆண்டுகள் அங்கே உழைத்த பின் கானன் பள்ளிக்குத் திரும்பி, தவறவிட்ட காலத்தை விரைவில் ஈடுசெய்து, 1892இல் ஹார்வர்டில் சேர்ந்தார். அங்கே தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸின் சொற்பொழிவுகளில் மனத்தைப் பறிகொடுத்து, தத்துவத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா என்று அவரிடமே வினவ, அவர் அது வேண்டாம் என்று திட்டமாகத் தடுத்துவிட்டார். மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவைச் சொற்களால் ஆராய விரும்பிய மாணவன் அதையே பின்னாளில் உயிருள்ள இரைப்பையில் ஆராய்ந்தான் என்பதனால், அத்தடையை நல்லூழ் என்றே சொல்லவேண்டும்.

1896இல் கானன் மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைத்தபோது, ராண்ட்கன் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்து ஓராண்டுகூட நிறைவுறவில்லை. உலகமெங்கும் மருத்துவர்கள் அக்கதிர்களைக் கொண்டு எலும்பு முறிவையும், உடலில் தைத்த குண்டையும் தேடிக்கொண்டிருக்க, ஹார்வர்டின் உடலியல் பேராசிரியர் ஹென்றி பௌடிச் வேறொரு பயனை எண்ணினார். எக்ஸ் கதிர் ஊடுருவாத ஒரு பொருளை விழுங்கச் செய்தால், விழுங்கல் என்னும் செயலை உடலைத் திறக்காமலே பார்க்கலாம் அல்லவா என்று கேட்டு, அக்காரியத்தைக் கானனிடமும், ஆல்பர்ட் மோசர் என்ற மற்றொரு மாணவரிடமும் ஒப்படைத்தார். டிசம்பர் மாதத்தில் ஒரு நாய் விழுங்கிய முத்துச்சிப்பிப் பொத்தான் ஒளிரும் திரையில் நிழலாகத் தோன்றி, கழுத்தினின்று இரைப்பைக்கு இறங்குவதை இருவரும் கண்டனர். அம்மாத இறுதியில் அமெரிக்க உடலியல் சங்கத்தார் பாஸ்டனில் கூடியபோது, நீண்ட கழுத்துடைய ஒரு வாத்தைக் கொண்டு இந்த அற்புதத்தை அறிஞர்களின் கண்முன்னே நிகழ்த்திக் காட்டினர். வாத்தைத் தேர்ந்தெடுத்ததில் விவேகம் இருந்தது. கழுத்து எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் கவளத்தின் பயணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது இரைப்பை. ரொட்டியைக் குழைத்து அதில் பிஸ்மத் உப்பைக் கலந்து பூனைகளுக்கு ஊட்டினார் கானன். பிஸ்மத் கனமான உலோகமாதலால் அது கலந்த உணவு திரையில் கரிய நிழலாக விழும். அந்நிழலின் விளிம்பே இரைப்பையின் உட்சுவர். திரைமீது மெல்லிய தாளை வைத்து, குறித்த கால இடைவெளிகளில் நிழலின் வடிவத்தை வரைந்து வரைந்து சேர்த்தார். இருட்டறையில் மணிக்கணக்கில் அமர்ந்து வரைந்த அந்தக் கோட்டுச் சித்திரங்கள் 1898இல் வெளியானபோது, உயிருள்ள, அறுபடாத, மயக்கமருந்து ஏறாத ஒரு பிராணியின் இரைப்பை என்ன செய்கிறது என்பது முதன்முதலாக முழுமையாகத் தெரிந்தது. மேற்பகுதி அலையின்றி, உணவைத் தாங்கி, மெல்ல இறுக்கிக் கொடுக்கும் களஞ்சியமாக இருந்தது. நடுப்பகுதியில் ஒரு சுருக்கம் பிறந்து, ஆழமாகிக்கொண்டே வாயில்தசையை நோக்கி நகர, அது முடியுமுன் அடுத்தது பிறந்தது. பூனையில் நிமிஷத்துக்கு ஆறு அலைகள். ஏழு மணிநேரம் நீடிக்கும் ஜீரணத்தில் அவை 2,500க்கும் மேற்படுகின்றன. ஒவ்வொரு அலைக்கும் வாயில் திறப்பதில்லை, உணவு போதிய அளவு கரைந்த பிறகே அவ்வப்போது சிறிது வெளியேறுகிறது.

இந்த ஆராய்ச்சியின் நடுவேதான் அந்தத் தடங்கல் நேர்ந்தது. சில பூனைகளின் இரைப்பை அசையவே இல்லை. ஒரே உணவு, ஒரே கருவி, ஒரே அறை. ஆனால் ஒன்றில் அலைகள் ஒழுங்காக ஓட, மற்றொன்றில் நிழல் கல்லாய்ச் சமைந்து கிடந்தது. அசையாதவை பெரும்பாலும் ஆண்பூனைகள். கட்டிக் கிடத்தியபோது பெண்பூனைகள் அமைதியாகப் படுத்திருக்க, ஆண்பூனைகள் திமிறிச் சீறின. குட்டி ஈன்றிருந்த ஒரு தாய்ப்பூனை அமைதியாகக் கிடந்து, இரைப்பையும் செவ்வனே அசைந்துகொண்டிருந்த வேளையில், திடீரென்று நிலைகொள்ளாமல் தவிக்கத் தொடங்கியது; அந்தக் கணமே அலைகள் நின்றன. கானன் அதைத் தடவிக் கொடுத்து, அது அமைதியடைந்து குறுகுறுக்கத் தொடங்கிய பின்னரே அவை திரும்பி வந்தன. பிறகு வேண்டுமென்றே சோதித்தார்: பூனையின் வாயையும் மூக்கையும் சில விநாடிகள் மூடி மூச்சுத் திணறலைச் சிறிது உண்டாக்கினால், இரைப்பை உடனே நிற்கும், விட்டால் சற்று நேரத்தில் மீண்டும் இயங்கும்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது நலம். இரைப்பையின் இயல்பான அசைவை அளக்கப் புகுந்த ஆராய்ச்சியாளனுக்கு, அசையாத பூனை ஓர் இடையூறு. திமிறும் பிராணிகளை விலக்கிவிட்டு, அமைதியானவற்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, கட்டுரையை எழுதி முடித்திருக்கலாம். அதில் குற்றம் காண்போரும் இருந்திருக்க மாட்டார்கள். கானனோ இடையூற்றையே விஷயமாக எடுத்துக்கொண்டார். அச்சமும் சினமும் கண்ணிலும் முகத்திலும் மட்டும் தோன்றி மறையும் நிழல்கள் என்று எண்ணியிருந்த காலத்தில், அவை வயிற்றுக்குள் ஒரு தசையை நிறுத்துகின்றன என்பதையும், நிறுத்தியதைத் திரையில் கோடு போட்டுக் காட்டலாம் என்பதையும் அவர் கண்டார். அவருடைய வாழ்நாள் முழுவதையும் நிர்ணயித்த கணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

1902இல் குடலின் அசைவை வெளியிட்டார். சிறுகுடலில் அவர் கண்டதை ஒரு சமையலறைக் காட்சியால் விளக்கலாம்: நீளமாக உருட்டிய மாவை வரிசையாகத் துண்டித்து, பிறகு ஒவ்வொரு துண்டையும் நடுவில் பிளந்து, ஒன்றன் பிற்பாதியை அடுத்ததன் முற்பாதியோடு சேர்த்து, மீண்டும் பிளந்து, மீண்டும் சேர்த்துக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படியே குடலின் வளையத் தசைகள் உணவை ஒரே இடத்தில் வைத்துத் துண்டித்துச் சேர்க்கின்றன. பூனையில் இது நிமிஷத்துக்கு முப்பது தடவை அளவில் நிகழ்கிறது. உணவை முன்னே தள்ளுவதே குடலின் தொழில் என்ற எண்ணத்தை இது திருத்தியது. ஜீரண நீரோடு கலப்பதும், குடலின் சுவரோடு மாறி மாறித் தொடச்செய்து சத்தை உறிஞ்ச இடங்கொடுப்பதும் அதற்குச் சமமான தொழில்கள். பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் அலைகள் பின்னோக்கியே ஓடி, உள்ளடக்கத்தை மீண்டும் மீண்டும் பிசைவதையும் அவர் பூனைகளில் கண்டு சொன்னார்.

1904இல் மாவுப்பொருள் இரைப்பையை விட்டு விரைவாகவும், புரதம் அதைவிட மெதுவாகவும், கொழுப்பு எல்லாவற்றுக்கும் பின்னாகவும் வெளியேறுகின்றன என்று காட்டினார். வயிறு சரிவர இறங்காத நோயாளிக்குக் கொழுப்பைக் குறைத்து, சிறிது சிறிதாகப் பல வேளைகளில் உண்ணச் சொல்லும் இன்றைய அறிவுரைக்கு அடிப்படை இது. அதே ஆண்டில் மியூனிச் நகரில் ஹெர்மான் ரீடர் பிஸ்மத் கலந்த உணவை மனிதர்களுக்கு முறையாகக் கொடுத்து எக்ஸ் கதிர்ப் படமெடுக்கும் வழக்கத்தைப் பரப்பினார். அதிக அளவில் பிஸ்மத் உப்பு நஞ்சாவது தெரிந்து, 1910ஐ ஒட்டி பேரியம் சல்ஃபேட் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று மருத்துவமனையில் வெள்ளைக் குழம்பை விழுங்கிவிட்டுத் திரையின் முன் நிற்கும் எவரும் கானனின் பூனைகள் சென்ற வழியிலேயே செல்கிறார்.

அறுவை வைத்தியர்களுக்கு அவர் செய்த உதவி இவற்றிலும் நேரடியானது. வயிற்றில் அறுவை செய்த பின் குடல் சில நாள் அசையாமல் உப்பிக் கிடப்பது எல்லா அறுவையாளரும் கண்ட துன்பம். சிலருக்கு அதுவே யமனாக முடிந்தது. காரணம் மயக்க மருந்தா, குளிர்ந்த காற்றா, குடல் காய்வதா, அல்லது கை படுவதா? ஃபிரெட் மர்ஃபி என்ற அறுவை வைத்தியரோடு சேர்ந்து, 1906ஐ ஒட்டிய ஆண்டுகளில் கானன் இக்காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரிசோதித்தார். மயக்க மருந்தால் மட்டும் நேர்ந்த தாமதம் சொற்பம். காற்றிலே திறந்து வைத்ததாலும், குளிர்ந்ததாலும் நேர்ந்ததும் அவ்வளவே. குடலைக் கையால் தொட்டுக் கையாண்டதே, அதுவும் மென்மையாகத் தொட்டபோதுங்கூட, இரைப்பையையும் குடலையும் நெடுநேரம் நிறுத்திவிட்டது. கையாளுவதால் குடல் தசைக்குள் அழற்சி எழுந்து அசைவை அடக்குகிறது என்று இப்போது அறிகிறோம். சிறு துளைகளின் வழியே குடலைக் குறைவாகத் தொட்டுச் செய்யும் அறுவையில் அசைவு விரைந்து திரும்புவதும் இதனாலேயே.

நரம்புகளின் பங்கையும் அவர் பிரித்தறிந்தார். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்புகளை அறுத்தபோதும் மூச்சுத் திணறல் இரைப்பையை நிறுத்தியது. முதுகந்தண்டை ஒட்டி வரும் ஸ்பிளாங்னிக் நரம்புகளை அறுத்தபோது அத்தடை நீங்கியது. ஆகவே அச்சம் வயிற்றை அடையும் பாதை இரண்டாவது நரம்பு என்பது தெளிவாயிற்று. அன்றியும், வெளி நரம்புகள் அறுபட்ட பின்பும் இரைப்பையும் குடலும் காலப்போக்கில் தம் அசைவை மீண்டும் பெற்றன. இரு வேகஸ் நரம்புகளும் அறுபட்ட பூனையின் உணவுக்குழாயில் முதலில் உணவு தேங்கி நின்றாலும், சில நாளில் அதன் கீழ்ப்பகுதி தானாகவே அலையெழுப்பி உணவைக் கீழே தள்ளத் தொடங்கியது. குடலின் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு மண்டலம் உண்டு, அது தன் காரியத்தைத் தானே நடத்த வல்லது என்று லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1899இல் கண்டதற்கு இது வலுவூட்டியது. உணவுக்குழாயின் அடிவாயில் தளராமல் இறுகி நிற்கும் அகலேசியா நோயில் அழிவது இந்த உள் நரம்பணுக்களே. ஹிர்ஷ்ஸ்பிரங் என்ற டென்மார்க் வைத்தியர் 1886இல் விவரித்த, பிறவியிலேயே குழந்தைக்கு மலம் இறங்காத நோயில் பெருங்குடலின் கடைப்பகுதியில் இல்லாமற்போவதும் அவையே.

1906இல் பௌடிச்சின் பேராசிரியர் பதவி கானனுக்கு வந்தது; 1942 வரை அதில் இருந்தார். 1911இல் தம் பதினைந்தாண்டு உழைப்பை ஜீரணத்தின் இயக்கக் காரணிகளைப் பற்றிய நூலாகத் தொகுத்தார். அதே ஆண்டில் டேனியல் டி லா பாஸ் என்பவரோடு செய்த பரிசோதனை, அவர் ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது. அச்சம் நீங்கிய பின்னும் இரைப்பை நெடுநேரம் நின்றே இருப்பதேன் என்பது அவரை வாட்டிய வினா. நரம்பின் கட்டளை நின்றதும் தடையும் நீங்கவேண்டுமே. ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் தங்கியிருக்க வேண்டும் என்று அனுமானித்தார். உடலினின்று பிரித்தெடுத்த குடல் தசையின் ஒரு கீற்றைத் தக்க கரைசலில் வைத்தால் அது தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அமைதியான பூனையின் ரத்தத்தை அதில் விட்டார். கீற்று தன் பாட்டில் சுருங்கி விரிந்தது. நாய் குரைத்து வெகுண்ட அதே பூனையின் ரத்தத்தை விட்டார். கீற்று தளர்ந்து நின்றது. அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய பூனையின் ரத்தத்துக்கு இந்தச் சக்தி இல்லை. அட்ரினலினை ரசாயன முறையால் ரத்தத்தில் அளக்க அக்காலத்தில் வழியில்லாதபோது, அசைவை ஆராய்ந்து ஆராய்ந்து அறிந்திருந்த குடலையே அளவுகோலாக்கிக் கொண்ட இந்த உத்தியிலிருந்தே, வலி, பசி, அச்சம், சினம் ஆகியவை உடலில் விளைக்கும் மாறுதல்களைப் பற்றிய 1915ஆம் ஆண்டு நூலும், பின்வந்த பெரிய சித்தாந்தங்களும் பிறந்தன. அவற்றை விரித்துரைக்க இது இடமன்று.

பசியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1912இல் வாஷ்பர்ன் என்ற மாணவர், ஒரு ரப்பர்ப் பையைக் குழாயோடு விழுங்கிப் பழகி, காற்றடைத்த அப்பை தம் இரைப்பையில் கிடக்க, பசி கிள்ளும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்தினார். இரைப்பையின் சுருக்கங்கள் அவர் பார்வைக்கு எட்டாத காகிதத்தில் பதிந்தன. ஒவ்வொரு பசிக் கிள்ளலும் ஒரு வலிய சுருக்கத்தோடு சேர்ந்தே வந்தது. கானன் இதைக் கொண்டு பசியின் காரணமே இரைப்பைச் சுருக்கந்தான் என்று துணிந்தது மிகைபட்ட முடிவு. இரைப்பையை அறவே நீக்கியவர்களுக்கும் பசிக்கிறது. ஆயினும் அவர் கண்ட சுருக்கங்கள் மெய். உண்ணாத வேளையில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் எழுந்து சிறுகுடலின் கடைசி வரை ஓடி, எஞ்சியவற்றைக் கூட்டித் தள்ளும் ஓர் அலைத்தொடர் உண்டு என்று 1969இல் நாயின் குடலில் சுர்ஷெவ்ஸ்கி நிறுவினார். அத்தொடரை எழுப்பும் மோட்டிலின் என்ற இயக்குநீரும், அதன் உச்சத்தில் மனிதர்க்குப் பசி உறைப்பதும் பின்னர் தெரிந்தன. சோதனைச்சாலையில் தம் வயிற்றையே கொடுத்த வாஷ்பர்னை நூல்கள் ஓர் அடிக்குறிப்பில் விட்டுவிடுவது நியாயமில்லை.

பிராணிகளை வைத்து நடந்த இச்சோதனைகளைப் படிக்கையில் மனம் கூசுவது இயல்பு. அக்காலத்திலும் பலருக்குக் கூசியது. பிராணிச் சோதனையை அறவே ஒழிக்கவேண்டும் என்ற கிளர்ச்சி அமெரிக்காவில் ஓங்கியபோது, 1908 முதல் மருத்துவ ஆராய்ச்சியின் பக்கம் நின்று வாதாடும் பொறுப்பு கானனுக்கு வந்தது. அவர் வாதாடியதோடு நில்லாமல், சோதனைச்சாலைகளில் பிராணிகளை நடத்தவேண்டிய முறைக்கு விதிகளும் வகுத்துப் பரப்பினார். துன்புற்ற பிராணியின் இரைப்பை நின்றுவிடும் என்று கண்டவருக்கு, பிராணியின் நிம்மதி கருணைக்கும் வேண்டியது, மெய்யறிவுக்கும் வேண்டியது.

1909இல் வைத்தியர்களுக்கு எழுதிய கட்டுரையொன்றில் கானன் உணர்ச்சிகள் ஜீரண மார்க்கத்தைப் பாதிக்கும் விதத்தை விரித்துரைத்தார். அதன் கருத்து இன்னும் வைத்தியசாலைகள் எல்லாவற்றையும் எட்டிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. எண்டோஸ்கோப்பியில் புண் இல்லை, ஸ்கேனில் கட்டி இல்லை, ஆகவே உங்களுக்கு ஒன்றுமில்லை, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று அனுப்பப்படும் நோயாளிகள் — அவர்களில் பெண்கள் மிகுதி — உண்ண முடியாமல் மெலிந்து, வீட்டாரின் சந்தேகத்தையும் சேர்த்துச் சுமக்கின்றனர். கானன் காட்டிய உண்மை இரண்டு விதத்தில் இவர்களுக்குத் துணை நிற்கிறது. கவலை இரைப்பையை நிறுத்துமானால், அப்படி நின்ற இரைப்பை கற்பனை ஆகாது; அது நரம்பும் சுரப்பும் தசையும் சேர்ந்து நிகழ்த்திய சரீர விளைவு. மற்றொன்று, வடிவத்தைப் பார்க்கும் கருவியில் அசைவின் குறை தெரியாது. அசைவை அளக்கும் கருவியால் அளந்த பிறகே ஒன்றுமில்லை என்று சொல்லும் உரிமை வைத்தியருக்கு உண்டு.

அத்தகைய கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. கானனின் ஆய்வுச்சாலையில் சில காலம் பயின்ற வால்ட்டர் ஆல்வாரெஸ், 1922இல் மனித இரைப்பையின் மின் அலைகளை வயிற்றின் தோல்மீதிருந்தே பதிவு செய்து வெளியிட்டார். மனிதனில் அவை நிமிஷத்துக்கு மூன்று. அந்தத் தாளத்தை எழுப்புபவை, ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நுண்ணோக்கியில் கண்டு பெயரளித்த சிறு அணுக்கள் என்பது 1990களில் உறுதிப்பட்டது. நீரிழிவு நோயாளியின் இரைப்பை மெல்ல மெல்ல இயக்கமிழக்கும் காஸ்ட்ரோபரேசிஸ் நோயில் இவ்வணுக்கள் குறைந்துபோவதை இன்று திசுத் துண்டில் எண்ணிக் காட்டுகின்றனர். நெடுங்காலம் வெறுங்கண்ணுக்குக் குறைவின்றித் தோன்றிய உறுப்பில், குறை இவ்வளவு நுண்ணிய இடத்தில் இருந்திருக்கிறது.

கதிர்கள் தம் விலையைக் கேட்டன. அவற்றின் அபாயம் எவருக்கும் தெரியாத காலத்தில், காப்பின்றி இருட்டறையில் கழித்த ஆண்டுகள் கானனின் தோலில் நோயாக முளைத்தன. அரிப்பும் தடிப்புமாகத் தொடங்கிய அது மெல்ல உயிரைக் குடிக்கும் வியாதியென்று பின்னர் கண்டறியப்பட்டது. இளமையின் கதிர்வீச்சே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். ஆராய்ச்சியாளனின் வழியைப் பற்றித் தாம் எழுதிய சுயசரிதை வெளிவந்த 1945ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் முதல் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் காலமானார்.

இரைப்பையின் வேகத்தை அளக்க இப்போது பயன்படும் முறையில், கதிரியக்க டெக்னீஷியம் மிகச் சொற்ப அளவு ஏற்றிய முட்டையும் ரொட்டியும் கொடுத்து, நான்கு மணிநேரம் வரை இடைவிட்டுப் படமெடுக்கின்றனர். நான்காவது மணியில் உணவில் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் இரைப்பை மந்தம் என்பது தீர்ப்பு. ஆனால் அளக்குமுன் கவனிக்கவேண்டியவை பல. வலிக்காக உண்ணும் அபின் வகை மருந்துகள் இரைப்பையைத் தாமே நிறுத்துமாதலால் அவற்றைச் சில நாள் முன்னரே விலக்கவேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தாலும் இரைப்பை தளர்ந்துவிடும். அது டெசிலிட்டருக்கு 275 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் அன்றைய சோதனையை ஒத்திவைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு நோயாளியை மறுபடி வரச் சொல்லவேண்டும் என்பது விதி.